ரிவர்சிபிள் ஜெல்: ‘மீள்களி’யா, ‘அவிழ்களி’யா?

அன்புள்ள நண்பர்களே,

ரிவர்சிபிள் ஜெல், அதாவது பிணைப்புகள் அவிழ்ந்து மீண்டும் சேரக்கூடிய களி, இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ரிவர்சிபிள் ஜெல் = மீள்களி. ‘மீள்வினை’ (ரிவர்சிபிள் ரியாக்‌ஷன்) பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் எளிதில் புரியும்.

புரியும், சரி. ஆனால் எலாஸ்டிக் குணத்தையும் ‘மீள்தன்மை’ என்றுதான் எழுதி வருகிறோம். டயர் ரப்பரும் மீளும். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே கந்தகம் போட்ட பிணைப்போ சாதாரணமாக விட்டு விட்டுச் சேர்வதில்லை. ‘மீள்களி’ என்று படிக்கிற மாணவர், இழுத்துவிட்டால் பழையபடி சுருங்கும் களி என்றே எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பலபடியின் (பாலிமரின்) கரைசலில் வெண்காரக் கரைசலை ஊற்றிக் கலக்கினால் குழந்தைகள் விளையாடும் ஸ்லைம் கிடைக்கும். வெண்காரத்திலிருந்து வரும் போரேட் அயனி இரண்டு சங்கிலிகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொள்கிறது, விடுகிறது, வேறு இடத்தில் பற்றுகிறது. மெதுவாக இழுத்தால் இப்படி விட்டுப் பற்ற நேரம் இருக்கும், நூலாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் அந்த நேரம் கிடையாது, பட்டென்று அறுந்துவிடும். மேசையில் வைத்தால் தானாகவே பரவும். ஆக, களியாக இருக்கும்போதே சங்கிலிகளை இணைக்கும் இந்த முடிச்சுகள் அவிழ்வதும் மீண்டும் விழுவதுமாகவே இருக்கின்றன. கிரீன், டொபால்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1946-இலேயே இத்தகைய வலைப்பின்னலுக்குக் கோட்பாடு எழுதினார்கள். பெயரும் அந்த முடிச்சைச் சொல்ல வேண்டும்.

எனவே என் பரிந்துரை ‘அவிழ்களி’. ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை. அவிழ்ந்த, அவிழ்கிற, அவிழும் மூன்றும் அடங்கும். க் மிகாது, ‘அவிழ்க்களி’ என்று எழுதிவிட வேண்டாம். சூட்டைப் பற்றி எதுவும் சொல்லாததும் ஒரு வசதி. அகார் களி 85 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி, 40-க்குக் கீழே இறுகும். மெத்தில் செல்லுலோஸ் நேர்மாறு: சூட்டில் இறுகி, ஆறினால் கரையும். இரண்டுமே அவிழ்களிதான்.

அப்புறம், அசோசியேட்டிவ் பாலிமர், அதாவது சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டு விட்டுப் பற்றிக்கொள்ளும் பலபடி. ‘ஒட்டுப்பலபடி’ என்றால் பசை என்று நினைப்பார்கள். ‘சேர்ப்புப் பலபடி’ ஏற்கெனவே வேறு பொருளுக்கு (அடிஷன் பாலிமர்) போய்விட்டது. சங்கிலி முழுக்க ஒட்டுவதில்லை, சில இடங்கள் மட்டுமே. அந்த இடத்தைப் ‘பற்றிடம்’ என்போம்; முனையில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும் பொருந்தும். பலபடி, ‘பற்றுப்பலபடி’. இரண்டு பற்றிடங்களுக்கு நடுவிலுள்ள துண்டுக்கு ‘இடைச்சரம்’ என்று வைத்திருக்கிறேன். கணிப்பொறிக்காரர்கள் ஸ்ட்ரிங்கைச் சரம் என்பதால், இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.