ஒன்பது மணி மாத்திரை

குழு: நம்ம குடும்பம்

செவ்வாய்க்கிழமை

சித்தி, இரவு 8:12
வளைகாப்புப் படங்கள் எல்லாம் போட்டுவிட்டேன். பானு ஒரு படத்தில்கூட இல்லையே, ஏன்?

அம்மா, 8:15
வந்திருந்தாள். படம் எடுக்கும்போது உள்ளே போய்விட்டாள்.

பானு, 8:24
நானே சொல்லிவிடுகிறேன் சித்தி. கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாகிவிட்டது. அன்றைக்கு நாலு பேர் "நல்லா தேறிட்டியே" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். அது தேறினதில்லை, கிட்னி மாற்றியதற்காகப் போடுகிற ஸ்டீராய்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கை நடுக்கம்தான் தாங்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்கவே நேற்று கால் மணி நேரம் ஆனது. ஆரி வேலைக்குக் கொடுத்த மூன்று ரவிக்கை அப்படியே கிடக்கின்றன.

சித்தி, 8:29
அழாதே கண்ணு. எங்கள் தெருவில் ஒருவர் கிட்னிக்கென்று ஒரு சூரணம் கொடுக்கிறார். உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதைச் சாப்பிட்டுப் பாரேன்.

கணேசன் மாமா, 8:33
சூரணம் வேண்டாம்மா. பாசத்தில் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டாக்ரோலிமஸ் மாத்திரை ரத்தத்தில் ஒரு அளவில் நிற்க வேண்டும். குறைந்தால் உடம்பு கிட்னியைத் தள்ளப் பார்க்கும், கூடினால் அதே மருந்து கிட்னியைக் கெடுக்கும். பம்ளிமாஸ் பழம்கூட அந்த அளவை ஏற்றிவிடும் என்று எனக்கு 2013-ல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே சொன்னார்கள்.

சித்தி, 8:35
அம்மா கொடுத்த கிட்னிதானே அண்ணா, அதையுமா உடம்பு தள்ளும்?

கணேசன் மாமா, 8:40
தள்ளும். தாய்க்கும் பிள்ளைக்கும் பாதிதான் பொருந்தும். 1954-ல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியபோது கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரியான இரட்டையர்கள். அதனால்தான் அவர்களுக்கு இந்த மாத்திரை இல்லாமலே ஓடியது. மற்ற எல்லோருக்கும் கிட்னி இருக்கும்வரை மாத்திரையும் உண்டு.

பானு, 8:47
மாமா, ஒன்று சொன்னால் யாரும் திட்டக்கூடாது. இன்றைக்கு 9 மணி மாத்திரையைப் போட வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஒரு வேளை விட்டால் நாளைக்குக் கை நிற்கும், ஒரு ரவிக்கையையாவது முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

அம்மா, 8:48
பானு!!

அம்மா, 8:48
மாடிக்கு வருகிறேன்.

கணேசன் மாமா, 8:52
யாரும் திட்ட மாட்டோம். எனக்கும் முதல் வருஷம் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் சட்டையெல்லாம் கொட்டியிருக்கிறது. நீ சொன்னதே பெரிய விஷயம். இப்போது மாத்திரையைப் போடு. அப்புறம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். வயிறு எப்படி இருக்கிறது?

பானு, 8:55
பத்து நாளாகப் போய்க்கொண்டே இருக்கிறது மாமா. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை. சொன்னால் திரும்ப அட்மிட் பண்ணுவார்களோ என்று பயமாக இருந்தது.

சித்தி, 8:56
ஐயோ, பத்து நாளா! இளநீர் குடித்தாயா? தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கணேசன் மாமா, 9:01
இளநீர் இப்போது வேண்டாம்மா. அதில் பொட்டாசியம் அதிகம். இந்த மருந்தும் பொட்டாசியத்தை ஏற்றும். பானு, வயிற்றுப்போக்கு இருந்தால் டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் சேரும். அது கூடினால் நடுக்கமும் கூடும். வயிற்றைக் கெடுப்பது நீ போடுகிற இன்னொரு மாத்திரை மைக்கோஃபினோலேட்டாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து நாம் கண்டுபிடிக்கிற விஷயமில்லை. ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர் நம்பருக்கு இப்போதே போன் பண்ணுங்கள்.

பானு, 9:03
மாத்திரையைப் போட்டுவிட்டேன். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

அண்ணன், 9:20
பேசிவிட்டேன். காலையில் வரச் சொன்னார்கள். 9 மணி மாத்திரையைக் கையில் கொண்டுவர வேண்டும், ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். முன்னால் போட்டுவிட்டால் அளவு தப்பாகக் காட்டுமாம். மோஷன் டெஸ்டும் உண்டு.

அம்மா, 9:34
பானு, குழுவிலேயே எழுதுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும். கொடுத்தது வீணாகிவிடுமே என்று பயந்துதான் நீ எதையும் சொல்வதில்லை என்று இப்போதுதான் சொன்னாய். கொடுத்த அன்றோடு அது உன்னுடையது. வயிறு போனால் சொல், கை நடுங்கினால் சொல், எரிச்சலாக இருந்தால் என் மேல் கத்து. மறைக்க மட்டும் செய்யாதே.

வெள்ளிக்கிழமை

அண்ணன், மாலை 5:10
ரிசல்ட் எல்லாம் வந்துவிட்டது. டாக்ரோலிமஸ் 14.2. பானுவுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு 8 முதல் 10. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.4 ஆகியிருக்கிறது. தண்ணீர் வற்றியதும் மருந்து கூடியதும் காரணம், சரியாகும் என்றார் டாக்டர். பொட்டாசியம் 5.4, கொஞ்சம் கூடுதல். மோஷனில் தொற்று இல்லை.

பானு, 5:26
மாமா, நீங்கள் சொன்ன மாதிரியேதான். டாக்ரோலிமஸை வேளைக்கு அரை மில்லிகிராம் குறைத்திருக்கிறார்கள். மைக்கோஃபினோலேட்டை இரண்டு வேளைக்குப் பதில் நான்காகப் பிரித்துச் சாப்பாட்டோடு போடச் சொன்னார்கள். மறுபடி செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும். முகத்தைப் பற்றியும் கேட்டேன், கூச்சமாகத்தான் இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டீராய்டை 10-லிருந்து 7.5 ஆக்கியிருக்கிறார், அளவு இறங்க இறங்க முகமும் இறங்கும் என்றார். நானாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் படாரென்று விழுந்துவிடுமாம். உடம்பு தன் பங்குக்கு ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்குமாம்.

கணேசன் மாமா, 5:31
ஸ்டீராய்டைக் காலையில் சாப்பிட்டவுடன் போட்டுக்கொள். ராத்திரித் தூக்கம் கொஞ்சம் வரும். கை வலி, முதுகு வலி என்று கடையில் டைக்லோஃபினாக் மட்டும் வாங்கிவிடாதே.

பானு, 5:33
சரி மாமா. இன்று நூல் மூன்றாவது தடவையில் கோர்த்துவிட்டது. காலையில் மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் நடுக்கம் கூடுதலாக இருக்கிறது, அதனால் ஆரி வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு ரவிக்கையின் கை முடிந்தது.

சித்தி, 5:40
சூரணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்ன கொண்டுவரட்டும்?

பானு, 5:44
இட்லி கொண்டுவாங்க சித்தி. அன்றைக்குக் காலையில் அவித்தது, சூடாக. சட்னியை இங்கேயே அரைத்துக்கொள்ளலாம். தம்பிக்குச் சளி என்று சொன்னீர்களே, இன்னும் இருந்தால் அவனை அடுத்த வாரம் கூட்டிவாங்க.

சித்தி, 5:45
மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நான் மட்டும் வருகிறேன். மாஸ்க் போட்டுக்கொள்கிறேன்.