மேற்கு ஜன்னல், ரோலர் திரை போட்டும் கொதிக்கும் அறை: உதவி தேவை

சென்னை வேளச்சேரி, வாடகை ஃபிளாட், மூன்றாவது மாடி. மேலே இன்னொரு தளம் இருப்பதால் மொட்டை மாடிச் சூடு இல்லை. பிரச்சினை படுக்கையறையின் மேற்கு ஜன்னல்தான்: 5க்கு 4 அடி, அலுமினிய ஸ்லைடிங், சாதா கண்ணாடி.

ஏப்ரலில் அடர் சாம்பல் நிற பிளாக்அவுட் ரோலர் திரை மாட்டினோம். அறை இருட்டாகிவிட்டது, சூடு மட்டும் குறையவில்லை. மாலை 5 மணிக்கு உள்ளே 35 டிகிரி. திரையைத் தொட்டால் தோசைக்கல். அதன் மேல் இடுக்கு வழியாக அனல் இறங்குகிறது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை உறிஞ்சி அறைக்கே திருப்பிக் கொடுக்கிறது என்பது புரிகிறது. 1 டன் ஏசி இரவு பத்து மணி வரை திணறுகிறது.

திரைக்குப் பின்னால் வெள்ளைத் துணி தைத்துப் பார்த்தேன், ஒரு டிகிரி குறைந்தது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வைத்தால் தூசிதான் வருகிறது. கடல்காற்று கிழக்கிலிருந்து வருவது, இந்தப் பக்கம் எட்டாது. சன் ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி சூட்டில் விரிசல் விடும் என்று வீட்டுக்காரர் மறுக்கிறார். வெளியே மூங்கில் தட்டி கட்ட அசோசியேஷன் விடவில்லை, முகப்பு கெட்டுவிடுமாம். (துணி காயப்போட்டால் மட்டும் கெடாது போல.)

கண்ணாடிக்கும் வெளி கிரில்லுக்கும் நடுவே 4 அங்குல இடைவெளி இருக்கிறது. அதற்குள் அடங்கும் வெயில் மறைப்பு எதையாவது யாராவது போட்டு, அறைச் சூடு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?