சர்ச் கல்யாணம்: தோழிகள் ஆறு பேர், கையில் 40,000

கேள்வி: தைமாதப் பெண்
தை மாதம் நாகர்கோவிலில் எனக்குக் கல்யாணம். சர்ச்சில் என்னோடு நடக்க ஆறு தோழிகள்: மூன்று பேர் கல்லூரிக் கூட்டாளிகள், மற்றவர்கள் சித்தி, அத்தை மகள்கள். அவர் பக்கம் நான்கு பையன்கள். எல்லோருக்குமாக அப்பா ஒதுக்கியது 40,000. ஒரே நிறப் பட்டு ஒன்று 4,500 என்றால் சேலைக்கே 27,000 போய்விடும். அப்புறம் பிளவுஸ், மேக்கப், பூங்கொத்து, பையன்களுக்குக் கோட். சேலையை அவரவரே வாங்கட்டும் என்கிறாள் அக்கா. எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

மார்த்தாண்டம் டெய்லர் அக்கா
முதலில் பையன்களை உன் கணக்கிலிருந்து எடும்மா. எங்கள் பக்கம் மாப்பிள்ளைத் தோழன் செலவு மாப்பிள்ளை வீட்டோடது. உன் அப்பா ஏன் கோட் தைத்துக் கொடுக்க வேண்டும்?

சேலை விலைக்கு எல்லோரும் மிரளுகிறார்கள், பணம் கரைவது பிளவுஸில். லைனிங் வைத்துத் தைக்க நான் 600 வாங்குகிறேன். பிளவுஸ் கையில் ஆரி ஒர்க், அதாவது ஊசி எம்பிராய்டரி கேட்டால் 2,000 தாண்டும். அது மணப்பெண்ணுக்குப் போதும். தோழிகளுக்குச் சேலை பார்டரையே கையில் வைத்துத் தைத்தால் பார்க்க நன்றாகவே இருக்கும். பட்டும் வேண்டாம். சேலம் இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் 1,200-க்கே நல்லதாக வரும். கூலியோடு ஆறு பேருக்கும் 10,800. ஆறையும் ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து எடு. பிறகு ஒன்று மட்டும் வாங்கினால் சாயம் ஒத்துப்போகாது.

வெளியூர்த் தோழிகள் அளவு பிளவுஸைக் கூரியரில் அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் இஞ்சு கணக்கு அனுப்புகிறவர்கள் எல்லோருமே தங்களை ஒல்லி என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

போனவருட மாப்பிள்ளை
கோட் வாடகைக்கு எடுத்தோம். என் கூட்டாளிகள் பந்திக்கு முன்பே கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டார்கள். ஒரே கரை வேட்டி, வெள்ளைச் சட்டை போதும், பிறகும் கட்டலாம்.

தோவாளைக்காரி
மேக்கப்புக்குத் தலைக்கு 3,000 என்றால் ஆறு பேருக்கு 18,000. தோழிகளுக்குத் தலை அலங்காரமும் சேலை மடிப்பும் மட்டும் பேசு. பூவுக்கு ஒன்று: பொங்கலை ஒட்டிப் பிச்சி, மல்லி விலை எகிறும், அந்த வாரம் தேதி வைக்காதே. பூங்கொத்துக்குக் கடையில் ஆர்டர் கொடுக்காமல் விடியற்காலையில் தோவாளைச் சந்தைக்கு ஆளை அனுப்பு. ஓசூர் ரோஜாவும் அங்கே வரும், வீட்டில் கட்டிக்கொள்ளலாம்.

தைமாதப் பெண்
அவரிடம் பேசிவிட்டேன் அக்கா, பையன்கள் செலவு அவர் வீட்டில். சேலையும் கூலியும் நான், மேக்கப் வேண்டுமானால் அவரவர் என்று குரூப்பில் போட்டாச்சு. யாரும் முகம் சுளிக்கவில்லை. இப்போது சண்டை நிறத்துக்குத்தான். அத்தை மகளுக்குப் பச்சை ஆகாதாம்.