இடுப்பு மூட்டுத் தேய்வு வினாக்கொத்து: போர்த்துக்கீசப் படிமுறை திருகோணமலைத் தமிழுக்குச் சரிவருமா?

நிலாவெளி_இயன்மருத்துவம்:

திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நோயாளிகளுக்கு மூட்டுத் தேய்வு நோவை அளக்கும் ஐ.சி.ஓ.ஏ.பி. வினாக்கொத்தின் இடுப்புப் பதிப்பைத் தமிழில் செய்ய இருக்கிறோம். மொத்தம் 11 கேள்விகள். விடாமல் இருக்கும் நோவுக்கு 5, வந்து வந்து போகும் நோவுக்கு 6. எல்லாம் கடந்த ஒரு கிழமையைப் பற்றியவை. போர்த்துக்கீசம் பேசுவோருக்கு இப்படியான வினாக்கொத்துகளைக் கொண்டுபோன முறையையே பின்பற்றலாமா? 'இடுப்பு நோ' என்றால் பலர் நாரியை, அதாவது கீழ்முதுகைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். வாசிக்கச் சிரமப்படும் வயதானவர்களும் இருக்கிறார்கள். எத்தனை பேரிடம் செய்ய வேண்டும்?

சொல்லும்_அளவும்:

படிமுறை எந்த மொழிக்கும் ஒன்றுதான். 2000ஆம் ஆண்டு பீட்டனும் குழுவினரும் வினாக்கொத்துகளை வேறு மொழிக்குத் தழுவுவது பற்றி வெளியிட்ட வழிகாட்டியைப் பெரும்பாலும் எல்லோரும் கைக்கொள்கிறார்கள். அதற்கு முன், இந்த அளவீட்டை உருவாக்கியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்கட்டும், மற்றவர் இந்த வினாக்கொத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருக்கட்டும். பின்பு இரண்டையும் ஒன்றாக்கி, எங்கே ஏன் வேறுபட்டது என்று எழுதி வையுங்கள். மூலத்தைப் பார்க்காத இருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களாக, மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவர்களாக இருக்க வேண்டும். திருகோணமலையில் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம். கனடாவிலோ இலண்டனிலோ வளர்ந்த, தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் மின்னஞ்சலில் கொடுக்கலாம். அதன் பிறகு நிபுணர் குழு, கடைசியாக 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை.

போர்த்துக்கீசத்தில் உங்களுக்குப் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. போர்த்துக்கலில் இந்த மூட்டை 'அங்கா' என்பார்கள், பிரேசிலில் 'குவட்ரில்'. மொழி ஒன்றாக இருந்தும் ஒரே தாளை இரண்டு நாட்டுக்கும் கொடுக்க முடியாது. ஆகவே தமிழ்நாட்டில் எழுதிய வாசகம் கிடைத்தாலும் அப்படியே எடுக்காதீர்கள். மூதூர், கிண்ணியாவின் முஸ்லிம் மக்களையும் முன்சோதனையில் கட்டாயம் சேருங்கள்.

இடுப்பு மூட்டு நோ பெரும்பாலும் கவட்டுப் பக்கத்திலும் தொடையின் முன்புறத்திலும் தெரியும். சிலருக்கு முழங்கால் வரை இறங்கும். அதனால் 'தொடை இடுப்போடு சேரும் மூட்டு' என்று எழுதி, நாரி நோவைச் சேர்க்க வேண்டாம் என்று முன்குறிப்பில் சொல்லுங்கள். உடற்படம் போட விரும்பினால் அதையும் அனுமதிக் கடிதத்திலேயே கேளுங்கள், பின்னர் சேர்த்தால் கருவி மாறிவிடும்.

முன்சோதனையில் "விளங்கினதா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் "ஓம்" என்பார்கள். "இந்தக் கேள்வி என்ன கேட்குது, உங்கட சொல்லில் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். எந்த இடம் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். விடைத் தெரிவுகள் ஐந்தையும் தனித்தனி அட்டையில் எழுதி, குறைந்ததிலிருந்து கூடியதுக்கு அடுக்கச் சொல்லுங்கள். 'கடுமை'யும் 'மிகக் கடுமை'யும் இடம் மாறினால் அந்தச் சொற்கள் உதவாது.

சலிப்பு, எரிச்சல் பற்றி ஒரு கேள்வியும் கவலை, மனவருத்தம் பற்றி இன்னொன்றும் இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் இரண்டுமே 'கவலை' ஆகிவிடும் ஆபத்து பெரிது.

எண்ணும்_எழுத்தும்:

மேலே சொன்ன 'கவலை'ச் சிக்கல் எண்ணிலும் தெரியும். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் அல்பா 0.95க்கு மேல் போனால் மகிழ வேண்டாம், ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டிருக்கலாம். 0.70க்குக் கீழேயும் கூடாது.

முன்சோதனைக்காரரை விட்டு, புதிதாக 100 பேர் சேர்த்தால் நல்லது. அவர்களில் குறைந்தது 50 பேரிடம் ஒன்று அல்லது இரண்டு கிழமையில் மறுபடி கேளுங்கள். இதில்தான் பிழை வரும்: இடையில் ஊசி போட்டாலோ, மருந்து மாற்றினாலோ, நீங்களே பயிற்சி தொடங்கினாலோ நோவே மாறிவிடும். அப்போது எண் வேறுபட்டதற்கு வினாக்கொத்தைக் குறை சொல்ல முடியாது. "போன முறையை விடக் கூடினதா, குறைந்ததா, அப்படியேவா?" என்று கேட்டு, அப்படியே இருப்பவரை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4. மொத்தம் 44, அதை 100க்கு மாற்ற வேண்டும். உதாரணமாக நியமவிலகல் 20, இரண்டு முறை விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஐ.சி.சி. 0.85 என்று வைத்தால் அளவீட்டு வழு 20 × √0.15, அதாவது ஏறக்குறைய 7.7. அதை 1.96ஆலும் √2ஆலும் பெருக்கினால் 21.5 அளவில் வரும், அதற்குக் குறைந்த மாற்றம் அளவீட்டு வழுவாகவே இருக்கலாம். ஒரு நோயாளிக்கு 10 புள்ளி குறைந்ததை வைத்து 'சுகம்' என்று எழுதக்கூடாது என்பது அதிலிருந்து தெரியும்.

நிலாவெளி_இயன்மருத்துவம்:

மிக்க நன்றி. ஒப்பிட்டுப் பார்க்க இடுப்பு மூட்டுக்கான ஹூஸ் வினாக்கொத்தை எடுக்கலாமா?

சொல்லும்_அளவும்:

அது 40 கேள்வி. குளியல் தொட்டியில் இறங்குவது, காலுறை போடுவது எல்லாம் அதில் உண்டு. கிணற்றடியில் குளிக்கிறவர் என்ன பதில் சொல்வார்? அதையும் முதலில் தழுவ வேண்டிவரும், அது தனி வேலை. இப்போதைக்கு 0 முதல் 10 வரையான நோ அளவுகோலையும் நடை நேரச் சோதனையையும் எடுங்கள். வினாக்கொத்தின் புள்ளிக்கும் இவை ஒவ்வொன்றுக்கும் தொடர்பு எவ்வளவு வரும் என்று தரவு சேர்க்கும் முன்பே எழுதி வையுங்கள்.

வாசிப்புதவி:

வாசிக்க முடியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டலாம். ஆனால் அவர் சிகிச்சை தருபவராக இருக்கக்கூடாது, நோயாளிகள் முகத்துக்காக நோவைக் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். எழுதியதை மாற்றாமல் வாசிக்க வேண்டும், விளக்கம் கேட்டால் மறுபடி அதையே வாசிக்க வேண்டும். தானே நிரப்பியதா வாசித்துக் காட்டியதா என்று ஒவ்வொரு தாளிலும் குறியுங்கள். முதல்முறை எப்படியோ மறுமுறையும் அப்படியே. எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் அச்சிடுங்கள்.