மிளகாய் நாற்றுகள் மஞ்சளாகின்றன. உரம் கொடுத்த பிறகு இன்னும் கூடுகிறது. காரணம் என்ன?

கேள்வி (தாம்பரம்)

வணக்கம். ஆடி முதல் வாரத்தில், 50 குழிகள் கொண்ட குழித்தட்டு ஒன்றில் சம்பா மிளகாய் விதைத்தேன். எட்டாம் நாளிலிருந்து முளைக்கத் தொடங்கி, 46 குழிகளில் நாற்று வந்தது. இன்றோடு விதைத்து 27 நாள் ஆகிறது. கடந்த ஒரு வாரமாக இலைகள் மஞ்சளாகி வருகின்றன. இதுவரை 30 நாற்றுகளுக்கு மேல் நிறம் மாறிவிட்டன. தட்டு மொட்டைமாடியில் பச்சை நிழல்வலையின் கீழ் இருக்கிறது. காலை வெயில் மட்டும் சிறிது நேரம் நேராகப் படும். கடையில் வாங்கிய தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து உதிர்த்து, அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து குழிகளை நிரப்பினேன். காலையும் மாலையும் பூவாளியால் நீர் விடுகிறேன். சத்துக் குறைவாக இருக்கும் என்று நினைத்து, 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இரண்டு முறை ஊற்றினேன். இரண்டாவது முறைக்குப் பிறகு மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. இலையின் அடியில் புரட்டிப் பார்த்தும் பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. இதற்கு முன் நாற்று வாங்கித்தான் நட்டிருக்கிறேன். விதையிலிருந்து வளர்ப்பது இதுவே முதல் முறை. என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (தஞ்சாவூர்)

தழைச்சத்துக் குறைபாடுதான். நார்க்கழிவில் தழைச்சத்து மிகக் குறைவு, அது வெறும் சக்கை. லிட்டருக்கு 5 கிராம் யூரியா கரைத்து இலைவழியாக இரண்டு முறை தெளியுங்கள், நான்கு நாளில் பச்சை திரும்பிவிடும். யூரியா வேண்டாம் என்றால் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி போதும்.

பதில் (ஒட்டன்சத்திரம், நாற்றுப்பண்ணை)

எதையும் தெளிப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். இரண்டு முறை முழு உரம் கொடுத்தும் மஞ்சள் கூடுகிறது என்றால், மூன்றாவதாக ஒன்றைக் கொடுப்பதைவிட முதல் இரண்டும் ஏன் உதவவில்லை என்று பார்ப்பதே முறை. "இலைகள் மஞ்சளாகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இலை என்று எழுதவில்லை. நாற்றைப் பொறுத்தவரை பாதி விடை அதில்தான் இருக்கிறது.

தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வரும்போது செடி தன் கீழ் இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் கீழ் இலை நரம்போடு சேர்ந்து முழுவதும் வெளுக்கும், குருத்து பச்சையாக நிற்கும். மக்னீசியக் குறைவும் கீழ் இலையில்தான் தொடங்கும், ஆனால் அங்கே நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி இடம் பெயராது; பழைய இலைக்குள் போனது அங்கேயே தங்கிவிடும் என்பதால், வேருக்கு இரும்பு கிடைக்காத அன்றிலிருந்து புதிதாக வரும் இலைகள் வெளிறி வரும், நரம்பு மட்டும் வலை பின்னியது போலப் பச்சையாகத் தெரியும். குருத்தே நரம்போடு சேர்ந்து மஞ்சளானால் கந்தகத்தைச் சந்தேகிக்கலாம். இவை தவிர, முதலில் வந்த இரண்டு விதையிலைகளும் தம்மிடம் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்து முடித்ததும் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. உங்கள் நாற்றின் வயதில் அது நடந்துகொண்டிருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எனவே மஞ்சளான ஒரு நாற்றை மேலிருந்து கீழாக இலை இலையாகப் பார்த்து எழுதுங்கள். இலை சுருண்டிருக்கிறதா? மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன், இரண்டும் வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஒரு நாற்றை வேர்க்கட்டியோடு வெளியே எடுத்து வேரின் நிறத்தைச் சொல்லுங்கள். குழியின் விளிம்பில் வெள்ளையாக எதுவும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நார்க்கழிவை எத்தனை தண்ணீரில் கழுவினீர்கள், தினமும் ஊற்றுவது என்ன தண்ணீர் என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்

விரிவான பதிலுக்கு நன்றி. காலையில் உட்கார்ந்து பார்த்தேன். விதையிலைகள் இரண்டும் பெரும்பாலான நாற்றுகளில் மஞ்சளாகி, தொட்டால் விழுகின்றன. அவற்றுக்கு மேல் உள்ள முதல் இரண்டு இலைகள் நல்ல பச்சையாகவே இருக்கின்றன, ஓரம் மட்டும் ஒரு நூலளவு பழுப்பாகக் கருகியிருக்கிறது. நுனியில் உள்ள இரண்டு இளம் இலைகளும் எலுமிச்சைப் பழ நிறத்தில் உள்ளன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. சுருளல் இல்லை. ஒரு நாற்றை வெளியே எடுத்தேன்: வேர் குழி முழுவதும் பரவவில்லை, பாதிக்குப் பாதி வெள்ளை, அடியில் உள்ளவை தேநீர் நிறம். விரல் நகத்தால் இழுத்தபோது அந்த அடிவேரின் தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நின்றது.

குழி விளிம்பில் உப்பு பூத்ததுபோல வெள்ளைப் படிவு இருக்கிறது. நார்க்கழிவைக் கழுவவில்லை, ஊறவைத்துப் பிழிந்து அப்படியே பயன்படுத்தினேன். தண்ணீரைப் பற்றி எழுதாமல் விட்டது என் தவறு. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். குடிநீருக்காக ஆர்.ஓ. கருவி வைத்திருக்கிறோம், அது வெளியேற்றும் நீர் வீணாகக்கூடாது என்று வாளியில் பிடித்துச் செடிகளுக்கு விடுவது வழக்கம். பெரிய செடிகள் இரண்டு ஆண்டுகளாக அந்தத் தண்ணீரில்தான் வளர்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதில் (ஒட்டன்சத்திரம், நாற்றுப்பண்ணை)

அந்த வாளிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆர்.ஓ. கருவி உப்பை அழிப்பதில்லை, பிரித்து வைக்கிறது. மூன்று லிட்டர் நீர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல நீராகக் கிடைத்தால், அந்த மூன்று லிட்டரிலும் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் மீதி இரண்டு லிட்டருக்குள் தள்ளப்படுகிறது. அதாவது கிணற்று நீரைவிட ஒன்றரை மடங்கு உப்பு நீரை நீங்கள் நாற்றுக்கு ஊற்றுகிறீர்கள். பெரிய தொட்டியில், மண்ணில், மழையும் அவ்வப்போது கழுவிவிடும் இடத்தில், வேரோடிய செடி அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு கைப்பிடி நார்க்கழிவு மட்டும் உள்ள குழியில், வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிக்கொண்டே வரும் இடத்தில், இருபது நாள் நாற்றால் தாங்க முடியாது. கழுவாத நார்க்கழிவு தன் பங்குக்குச் சாம்பல்சத்தையும் சோடியத்தையும் கொண்டுவந்திருக்கும். அதன்மேல் நீங்கள் ஊற்றிய 19:19:19-உம் வேரின் பார்வையில் மேலும் ஓர் உப்புதான். இலை ஓரம் கருகியதும், அடிவேர் தோலுரிந்ததும் இதோடு பொருந்துகின்றன. இரண்டு வேளை நீர் விட்டதால் அடி ஈரம் காயாமல் நின்றதும் வேரின் கேட்டில் சேர்ந்திருக்கும்.

நுனி இலை மஞ்சளுக்குத் தனிக் காரணம் உண்டு, ஆனால் வழி ஒன்றே. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் பைகார்பனேட் என்னும் காரத்தன்மை தரும் உப்பு மிகுதி. அதை ஊற்ற ஊற்றக் குழியின் கார அமில நிலை (pH) 7-ஐத் தாண்டி ஏறும். அந்த நிலையில் இரும்பு குழியில் இருந்தாலும் கரையாது, கரையாததை வேரால் எடுக்க முடியாது. ஆக உங்கள் நாற்று பசியால் வெளுக்கவில்லை. வாழையிலை நிறைய உணவு இருக்க, வாய் கட்டப்பட்டதுபோல நிற்கிறது. தஞ்சாவூர் நண்பர் சொன்ன யூரியா, கீழ் இலை வெளுத்திருந்தால் சரியான மருந்து. இங்கே அதற்கு வேலையில்லை.

உறுதிப்படுத்த இரண்டு எளிய வழிகள் உள்ளன. விளிம்பில் உள்ள வெள்ளைப் படிவைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கடின நீரின் சுண்ணாம்பு. அடுத்து, ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் டி.டி.எஸ். மீட்டர் (லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்பை மில்லிகிராமில் காட்டுவது) இருக்கும்: ஊற்றும் நீரையும், தட்டின் அடியில் வடியும் நீரையும் அளந்து பாருங்கள்.

பதில் (மதுரை, மாடித்தோட்டம்)

எனக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கத்தரி நாற்றில் இதே நிறம் வந்தது. நான் ஊற்றும் நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்து விட்டே சரிசெய்தேன். தண்ணீரை மாற்ற வழியில்லாதவர்கள் அப்படிச் செய்யலாம் அல்லவா, ஐயா?

பதில் (ஒட்டன்சத்திரம், நாற்றுப்பண்ணை)

செய்யலாம் அம்மா, ஆனால் பாதி வேலைதான் நடக்கும். புளிப்பு பைகார்பனேட்டை முறித்துக் கார நிலையைக் குறைக்கும், இரும்பு கரையத் தொடங்கும். உங்கள் கத்தரிக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். கரைந்துள்ள மற்ற உப்பை எலுமிச்சையால் வெளியேற்ற முடியாது. இவருடைய தட்டில் உப்புதான் பெரிய சுமை, அதைக் கழுவித்தான் இறக்க வேண்டும்.

கேட்டவர்

அளந்துவிட்டேன். கிணற்று நீர் 1,080, வாளியில் பிடித்த நீர் 1,610, குழித்தட்டின் அடியிலிருந்து வடிந்த நீர் 2,900. மூன்றாவது எண்ணைப் பார்த்தபோது மீட்டர் பழுதோ என்று மீண்டும் அளந்தேன். வினிகர் விட்டதும் படிவு மெல்லிய சத்தத்தோடு நுரைத்தது. இப்போது கழுவுவதற்கு எந்த நீரைப் பயன்படுத்துவது? சுத்திகரித்த குடிநீரை இவ்வளவு ஊற்ற மனம் வரவில்லை.

பதில் (ஒட்டன்சத்திரம், நாற்றுப்பண்ணை)

ஊற்ற வேண்டாம். குளிர்சாதனக் கருவியின் குழாயிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஓர் இரவில் ஒரு வாளி சேரும். ஆவணி நெருங்குகிறது, உங்கள் பகுதியில் மாலையில் இடிமழை வரும்; வந்தால் அண்டாவை வெளியே வையுங்கள், அதற்கு இணை எதுவும் இல்லை.

தட்டைச் சற்றுச் சாய்த்து, பூவாளியின் மெல்லிய வாயால் குழிகளின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக, விட்டுவிட்டு ஊற்றுங்கள். வடியும் நீரை அவ்வப்போது அளந்து, 800-க்குக் கீழ் வந்ததும் நிறுத்துங்கள். அதன்பின் மேல்பகுதி வெளிறி, தட்டைத் தூக்கினால் கனம் குறைந்தது கைக்குத் தெரியும்வரை நீர் விடாதீர்கள்; இதுதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது. மூன்றாம் நாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, அரை எலுமிச்சைச் சாறு சேர்த்து, இலை நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். கிணற்று நீரில் கரைத்தால் சற்று நேரத்தில் துருநிறமாகிக் கலங்கிவிடும், கலங்கியது பயன்படாது. குளிர்சாதனக் கருவியின் சொட்டு நீரிலேயே கரையுங்கள். வளர்ந்த பயிருக்குச் சொல்லும் 5 கிராம் அளவை நாற்றுக்கு எடுக்க வேண்டாம், இலை புள்ளி புள்ளியாகக் கருகும். அடுத்த பத்து நாளைக்கு வேறு எந்த உரமும் வேண்டாம்.

கேட்டவர் (13 நாட்களுக்குப் பிறகு)

நிலவரத்தைப் பதிவு செய்கிறேன். நான்காவது முறை ஊற்றியபோது வடிநீர் 740-க்கு வந்தது. கழுவிய மறுநாளே ஆறு நாற்றுகள் தலை சாய்ந்துவிட்டன. எடுத்துப் பார்த்தால் அவற்றில் வெள்ளை வேரே இல்லை. மீதி 40 நின்றன. அன்னபேதி ஒருமுறை தெளித்தேன். ஆறாம் நாள் குருத்தில் மிளகு அளவில் வந்த புதிய இலை பச்சையாகவே விரிந்தது, இப்போது ஒவ்வொரு நாற்றிலும் அப்படி இரண்டு இலைகள் உள்ளன. அதற்கு முன் மஞ்சளான இலைகள் தெளித்த இடங்களில் திட்டுத் திட்டாகத் தேறினவே தவிர முழுப் பச்சைக்குத் திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை பெய்த மழையில் ஓர் அண்டாவும் இரண்டு வாளியும் நிரம்பின. மழைநீரின் அளவு மீட்டரில் 30-ஐத் தாண்டவில்லை. நாற்றுக்கு இப்போது 40 நாள். பைகளுக்கு மாற்றலாமா?

பதில் (ஒட்டன்சத்திரம், நாற்றுப்பண்ணை)

வழக்கமாக 35 முதல் 40 நாளில் நடுவோம். உங்கள் நாற்று இடையில் நின்று வளர்ந்ததால் இன்னும் ஒரு வாரம் தாருங்கள். திட்டாக நிற்கும் பழைய இலைகளைக் கிள்ள வேண்டாம், அவை இன்னும் வேலை செய்கின்றன. குருத்தை மட்டும் கணக்கில் வையுங்கள். தட்டிலிருந்து இழுத்தால் வேர்க்கட்டி உடையாமல் முழுதாக வர வேண்டும், அதுவே நடவுக்கு அடையாளம். பையில் செம்மண் பாதியாவது இருக்கட்டும், நார்க்கழிவைக் கழுவிச் சேருங்கள், நடும் அன்று லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் எந்த உரமும் கரைக்காதீர்கள்.

கேட்டவர்

அப்படியே செய்கிறேன். வாளியில் பிடித்த நீரை இனி மாடிப்படி கழுவ வைத்துக்கொள்கிறோம். பெரிய தொட்டிகளின் அடியில் வடியும் நீரையும் நேற்று அளந்தேன்: கறிவேப்பிலைத் தொட்டி 2,200 காட்டுகிறது.

பதில் (ஒட்டன்சத்திரம், நாற்றுப்பண்ணை)

அதையும் அடுத்த மழையில் வெட்டவெளியில் இழுத்து வைத்து நனைய விடுங்கள்.