நடக்கும்போது முழங்கால் கோணம் 38°-ஐத் தாண்டவில்லை: இரண்டு எம்பியு6050, ஒரு ஈஎஸ்பி32

கீல்மூட்டு (கேள்வி):

வணக்கம். நடையின்போது முழங்கால் மடங்கும் கோணத்தை அளக்க வேண்டும். தொடை முன்புறம் ஒன்று, கெண்டைக்கால் முன்புறம் ஒன்று என இரண்டு ஜிஒய்-521 போர்டு (எம்பியு6050 அசைவுச் சென்சார் சிப் உள்ளவை). இரண்டும் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலரின் 21, 22 பின்களில் ஒரே ஐ2சி லைனில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரு கம்பி இணைப்பு) இருக்கின்றன. ஒரு போர்டின் ஏடி0 பின் 3.3 வோல்ட்டில் இருப்பதால் முகவரி மோதல் இல்லை; ஸ்கேன் செய்தால் ஹெக்ஸ் 68, 69 இரண்டும் வருகின்றன.

எக்ஸ் அச்சு கால் நீளத்துக்கு இணை. ஒவ்வொன்றுக்கும் காம்ப்ளிமென்டரி ஃபில்டர் (சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோவுக்கு 0.98, முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டருக்கு 0.02 எடை கொடுத்துக் கோணத்தைக் கலப்பது) போட்டு, இரண்டு பிட்ச் (முன்பின் சாய்வு) கோணங்களையும் கழிக்கிறேன். லூப் கடைசியில் 10 மில்லிசெகண்ட் டிலே. கால இடைவெளி 0.01 என்று கோடில் நேரடியாகவே எழுதியிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக 0 முதல் 90 வரை மடக்கினால் கோனியாமீட்டரோடு (மூட்டுக் கோணத்தைக் கையால் அளக்கும் கருவி) 3, 4 டிகிரிதான் வித்தியாசம். நடந்தால்தான் வம்பு. உச்சம் 38°-ஐத் தாண்டுவதில்லை. கால் ஊன்றிய பிறகு 0-க்கு வராமல் 10, 12 டிகிரியில் தொங்கி, மெல்ல இறங்குகிறது. இன்னொன்று: நின்றபடி கெண்டைக்காலை முன்னால் சாய்த்தாலும் பின்னால் சாய்த்தாலும் பிட்ச் ஒரே பக்கமாகத்தான் நகர்கிறது. மாட்விக் ஃபில்டருக்கு (சென்சாரின் முப்பரிமாணத் திசையைக் கணக்கிடும் இன்னொரு வழி) மாறிவிட்டால் சரியாகுமா?

சால்டர்புகை:

ஃபில்டரை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முதலில் இரண்டு விஷயம் பிரிண்ட் செய்து போடுங்கள். ஒன்று, நடக்கும்போது கெண்டைக்கால் ஜைரோ தரும் மூல எண்கள், எதனாலும் வகுக்காமல். இரண்டு, ஒரு லூப்புக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று மைக்ரோசெகண்ட் டைமரில்.

கீல்மூட்டு:

கால் முன்னால் வீசும் நேரத்தில்: 27904, 31650, 32767, 32767, 32767, 32767, 32767, 30218. லூப் நேரம் சராசரி 17,100 மைக்ரோசெகண்ட். சீரியல் வேகம் 115200.

சால்டர்புகை:

அந்த 32767 வரிசையிலேயே பாதி பதில் இருக்கிறது. சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டரைத் தொடாமல் விட்டால் ஜைரோவின் எல்லை ±250 டிகிரி/வினாடி. அதில் ஒரு டிகிரி/வினாடிக்கு 131 எண்ணிக்கை; 250-ஐ எட்டியதும் 16 பிட் நிரம்பிவிடும். சாதாரண நடையிலேயே கெண்டைக்கால் முன்னால் வீசும் வேகம் 300-ஐத் தாண்டும். தாண்டிய பகுதியை ஜைரோ எண்ணவே இல்லை. அதனால் கால் முழுக்க நீளவில்லை என்று கணக்கு நினைக்கிறது. ஊன்றிய பிறகு 10, 12-இல் தொங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பிறகு மெல்ல இறங்குவது ஆக்சிலரோமீட்டர் இழுப்பதால்.

உச்சம் குறைவது வேறு கதை. 10 மில்லிசெகண்ட் டிலே தவிர, 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் ஒரு சென்சாரின் 14 பைட்டைப் படிக்க 1.6 மில்லிசெகண்ட் ஆகும், இரண்டுக்கு 3.2. ஒரு வரி 40 எழுத்து என்றால் சீரியலுக்கு 3.5 மில்லிசெகண்ட். எல்லாம் கூட்டினால் 17. நீங்கள் பெருக்குவதோ 10. 60° மடக்கம் 35° ஆகத் தெரியும்; மிச்சத்தை ஆக்சிலரோமீட்டர் தூக்கிவிட்டு 38 ஆக்குகிறது. உட்கார்ந்து மெதுவாகச் செய்யும்போது ஆக்சிலரோமீட்டரே பிழையை மூடிவிடுவதால் அங்கே இது வெளியில் தெரியாது.

மாற்ற வேண்டியவை:

ரெஜிஸ்டர் ஹெக்ஸ் 1பி-யில் ஹெக்ஸ் 10 எழுதினால் ±1000. கூடவே வகுக்கும் எண்ணை 131-இலிருந்து 32.8 ஆக்குங்கள். இதை மறந்தால் எல்லா வேகமும் நாலில் ஒரு பங்காகிவிடும்.
ரெஜிஸ்டர் 1சி-யிலும் ஹெக்ஸ் 10: ஆக்சிலரோமீட்டர் ±8 ஜி. குதிகால் தரையில் படும் அதிர்ச்சிக்கு ±2 ஜி பத்தாது.
ரெஜிஸ்டர் 1ஏ-யில் 3: ஜைரோவுக்கு 42 ஹெர்ட்ஸ் லோபாஸ் (அதற்கு மேலான வேக அதிர்வுகளைக் குறைக்கும் வடிகட்டி). தாமதம் 5 மில்லிசெகண்டுக்குள்தான்.
ஐ2சி வேகம் 400 கிலோஹெர்ட்ஸ். டிலேயைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் டைமர் காட்டும் இடைவெளியாலேயே பெருக்குங்கள்.

தொடங்குமுன் 3 வினாடி அசையாமல் வைத்து ஜைரோவின் சராசரியைக் கழிக்க வேண்டும். இந்தச் சிப்பில் சும்மா இருக்கும்போதே ±20 டிகிரி/வினாடி வரை பிசகு இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. உடல் சூட்டில் அது நகரும். கட்டி 5 நிமிடம் கழித்து எடுங்கள்.

குவாட்டர்னியன்:

மூன்றாவது கோளாறுக்கு, அதாவது பிட்ச் ஒரே பக்கமாக நகர்வதற்கு, வருகிறேன். உங்கள் பிட்ச் சூத்திரத்தில் கீழே வர்க்கமூலம் இருக்கும். அது ±90-க்கு மேல் போகவே போகாது. எக்ஸ் அச்சு செங்குத்தாக நிற்கும்போது நீங்கள் சரியாக 90-இல் இருக்கிறீர்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 89, 88 என்றுதான் வரும். நடையில் கெண்டைக்கால் செங்குத்துக்கு இரு புறமும் போய்வருவதால் ஃபில்டர் பாதி நேரம் தப்பான திசையில் இழுக்கிறது. வர்க்கமூலத்தை விட்டுவிட்டு, எக்ஸ், இசட் இரண்டையும் மட்டும் ஏடேன்2-வில் (இரண்டு எண்களிலிருந்து குறியோடு கோணம் தரும் ஃபங்ஷன்) கொடுங்கள். நிற்கும் நிலையை 0 என்று வையுங்கள்.

0.98 என்பதும் நடைக்குக் குறைவு. 100 ஹெர்ட்ஸில் அதன் கால மாறிலி அரை வினாடிதான், 0.995 வைத்தால் 2 வினாடி. மொத்த முடுக்கம் 0.9 முதல் 1.1 ஜி-க்குள் இருக்கும்போது மட்டும் ஆக்சிலரோமீட்டரைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

மாட்விக் கெட்டதல்ல, ஆனால் இங்கே அவசியமில்லை. காந்தமானி இல்லாத சென்சாரில் யா கோணத்தை (செங்குத்து அச்சைச் சுற்றித் திரும்பும் கோணம்) திருத்த எதுவும் கிடையாது. புவியீர்ப்பு அதைச் சொல்லாது. இரண்டு சென்சாரின் யாவும் தனித்தனியாக நகர்ந்து, ஒப்பீட்டுக் கோணத்தில் கலந்துவிடும். முழங்காலைக் கீல் மாதிரி எடுத்து, மடங்கும் அச்சைச் சுற்றிய வேகத்தை மட்டும் கழிப்பதே தெளிவு. சீல், ரைஷ், ஷாவர் மூவரும் 2014-இல் வெளியிட்ட வழியும் இதே அடிப்படைதான், காந்தமானியே தேவையில்லை.

பிசியோ_மேசை:

போர்டு வைக்கும் இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! தொடை முன்புறத்தில் தசை இறுகும்போதெல்லாம் சென்சார் சாயும், அதுவும் கோணமாகத்தான் பதிவாகும். தொடையின் வெளிப்பக்கம், கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். கெண்டைக்காலில் முன்னெலும்பின் உட்பக்கத் தட்டையான பரப்பு. தோலுக்கு அடியில் எலும்புதான். இருபக்க டேப், அதன் மேல் கிரேப் பேண்டேஜ். வெறும் வெல்க்ரோ பட்டை நடக்க நடக்கக் கீழே இறங்கும்.

கோனியாமீட்டரின் நடுப்புள்ளி தொடையெலும்பின் வெளிப்பக்க முண்டில், ஒரு கை இடுப்புப் பக்க எலும்புப் புடைப்பை நோக்கி, மறு கை வெளிக் கணுவை நோக்கி. அதிலேயே 5° முன்பின் வரும். உங்கள் 3, 4 டிகிரியைத் துரத்த வேண்டாம்.

குவாட்டர்னியன்:

அப்படி வைத்தால் அச்சுகள் மாறும், அதனால் அச்சைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து கெண்டைக்காலை 10 முறை வீசுங்கள். பிறகு நின்று தொடையை 10 முறை முன்னால் தூக்குங்கள். வேகம் 50 டிகிரி/வினாடிக்கு மேல் உள்ள ஜைரோ வெக்டர்களை மட்டும் எடுத்து, எதிர்த்திசையில் இருப்பவற்றின் குறியைத் திருப்பி, சராசரி எடுத்து நீளத்தை 1 ஆக்கினால் அந்தச் சென்சாரின் அச்சு. மடக்கும்போது இரண்டிலும் குறி எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒன்று தலைகீழாக இருந்தால் கழித்தல் கூட்டலாகிவிடும். ஆக்சிலரோமீட்டர் கோணத்தையும் இந்த அச்சுக்குச் செங்குத்தான தளத்திலேயே எடுங்கள்.

காலில் கட்டுமுன் இரண்டு மரச்சட்டத்தைக் கீலில் இணைத்து 30, 60, 90-இல் சோதியுங்கள். அங்கே சரி, காலில் தப்பு என்றால் புரோகிராமைத் திட்டாதீர்கள், சென்சாரைக் கட்டிய விதத்தைப் பாருங்கள்.

கீல்மூட்டு:

மாற்றிவிட்டேன். உச்சம் 57 முதல் 59. ஊன்றும்போது 2, 3 டிகிரிக்குத் திரும்புகிறது. ஊன்றிய உடனே 15° பக்கம் ஒரு சின்ன மேடும் இப்போது தெரிகிறது. ஒரே தொல்லை: கொஞ்ச நேரம் நடந்ததும் கெண்டைக்கால் சென்சார் எல்லாம் 0 காட்டுகிறது. ஈஎஸ்பியை ரீசெட் செய்தால் சரியாகிறது.

பிசியோ_மேசை:

அந்தச் சின்ன மேடு இருக்க வேண்டியதுதான். உடல் எடை காலில் ஏறும்போது முழங்கால் 15, 20 டிகிரி மடங்கும். அதை வழுவழுப்பாக்கி அழித்துவிடாதீர்கள்.

சால்டர்புகை:

0 காட்டும்போது ரெஜிஸ்டர் 6பி-யைப் படியுங்கள். ஹெக்ஸ் 40 வந்தால் போர்டுக்குக் கணநேரம் கரண்ட் போய்வந்திருக்கிறது. இந்தச் சிப் கரண்ட் வந்ததும் தூக்க நிலையில்தான் எழும். எல்லையும் பழைய ±250-க்குப் போயிருக்கும். எழுப்பினால் மட்டும் போதாது, 1ஏ, 1பி, 1சி மூன்றையும் மறுபடி எழுதுங்கள். வினாடிக்கு ஒரு முறை 6பி-யைச் சரிபார்த்து இதைச் செய்ய ஒரு ஃபங்ஷன் போதும். ஆனால் மூலகாரணம் ஜம்பர் ஒயராகத்தான் இருக்கும். சாக்கெட்டை எடுத்துவிட்டு நேரடியாகச் சால்டர் செய்யுங்கள், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒயரை ஒரு வளையம் தளர்வாக விடுங்கள், போர்டின் விசிசி, கிரவுண்ட் இடையே 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று.