பின்னத்தோடு வரும் இருபடிச் சமன்பாடு: உங்கள் வீட்டில் எப்படி?

பிறை மாமா

என் அக்கா மகன் படிவம் 4 படிக்கிறான். கணிதப் புத்தகத்தில் முதல் பாடமே இருபடிதான். முழு எண்ணாக வந்தால் மளமளவென்று காரணிப்படுத்திவிடுவான். பின்னத்தைப் பார்த்தால் பேனா நின்றுவிடும். போன சனிக்கிழமை இந்தக் கணக்கோடு வந்தான்:

எக்ஸ்²/2 − 7எக்ஸ்/6 = 1

“6ஆல பெருக்கிட்டேன் மாமா, அப்புறமும் காரணி வரமாட்டேங்குது.”

நோட்டைப் பார்த்தேன். 3எக்ஸ்² − 7எக்ஸ் = 1 என்று எழுதியிருந்தான். இடப்பக்கம் சரி. வலப்பக்கத்து 1 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால், “அதுக்குக் கீழதான் ஒண்ணும் இல்லையே, அதை எதுக்குப் பெருக்கணும்?” என்கிறான்.

பையன் யோசிக்காமல் செய்யவில்லை. பின்னத்தை விரட்டத்தான் பெருக்குகிறோம் என்று நினைத்திருக்கிறான். பின்னம் இல்லாத இடத்தில் அவனுக்கு வேலை இல்லை. அரை ரிங்கிட்டும் அரை ரிங்கிட்டும் சேர்ந்தால் 1 ரிங்கிட். “இடப்பக்கத்தை மட்டும் சென்னாக மாற்று” என்றேன். 50 + 50 = 1 என்று எழுதியவன், நான் வாயைத் திறப்பதற்குள் அந்த 1ஐ அடித்துவிட்டு 100 போட்டான். கணக்கிலும் 1 போய் 6 வந்தது.

3எக்ஸ்² − 7எக்ஸ் − 6 = 0
(3எக்ஸ் + 2)(எக்ஸ் − 3) = 0

விடை 3, இன்னொன்று −2/3. பின்னத்தில் வந்த விடையை அவன் நம்பவில்லை. முதல் வரியில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 2/9, அதோடு 7/9, கூட்டினால் 9/9. அந்த 9/9ஐச் சுற்றி இரண்டு வட்டம் போட்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னத்தின் கீழ் எண்ணைத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ‘பகுதி எண்’ என்று படித்த பிள்ளைக்கு, இடைநிலைப் பள்ளியில் அது மலாயில் ‘பெஞெபுட்’ ஆகிவிடுகிறது. மீச்சிறு பொது மடங்கை ‘கண்டாஆன் செபுஞா தெர்கெச்சில்’ என்று மனப்பாடமாகச் சொல்கிறான். ஆனால் சின்ன வயதில் பின்னம் கூட்டப் பகுதி எண்ணைச் சமமாக்கினோமே, அந்த வேலைதான் இது என்று அவனுக்கு யாரும் சேர்த்துக் காட்டவில்லை. தமிழில் ஒருமுறை சொன்னதும் முகம் மாறிவிட்டது. வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

செந்தூல்வாசி

எங்கள் வீட்டில் மகளுக்குத் தடுமாற்றம், தெரியாத எண்ணே பகுதியில் உட்காரும்போது. தீபாவளிக்குப் பினாங்கு போய்த் திரும்பிய பயணத்தையே கணக்காக்கினேன். தூரத்தை 360 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். திரும்பும்போது மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதல் வேகம், அரை மணி நேரம் மிச்சம். போன வேகம் ‘வே’ என்றால்:

360/வே − 360/(வே + 10) = 1/2

எதால் பெருக்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டாள். கீழே இருக்கும் மூன்றையும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதச் சொன்னேன்: வே, வே + 10, 2. மூன்றையும் சேர்த்துப் பெருக்கியதும் பின்னம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வே² + 10வே − 7200 = 0. விடை 80, −90. கார் −90ல் ஓடாது, அதனால் 80. “அப்ப வரும்போது 90ஆப்பா?” என்று அவளே கேட்டாள். 360ஐ 80ஆல் வகுத்தால் நாலரை மணி, 90ஆல் வகுத்தால் நாலு மணி. சரியாக அரை மணி மிச்சம்.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் அக்கா

செந்தூல் அண்ணன் −90ஐத் தள்ளியது வேகம் என்பதால். எதிர் எண் இல்லாவிட்டாலும் தள்ள வேண்டிய விடை வரும், அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். என் மாணவி ஒருத்தி இதைச் செய்தாள்:

எக்ஸ்²/(எக்ஸ் − 3) = 9/(எக்ஸ் − 3)

பெருக்கி, எக்ஸ்² = 9, விடை 3, −3 என்று கோடு போட்டு முடித்துவிட்டாள். 3ஐப் போட்டால் பகுதி பூச்சியம் ஆகிவிடுகிறது, அந்த விடை செல்லாது. −3 மட்டும்தான் நிற்கும். பெருக்கும் முன்பே ஓரத்தில் ‘எக்ஸ் 3 ஆகக் கூடாது’ என்று பென்சிலில் எழுதச் சொல்கிறேன். இப்போது கணக்கைப் படித்ததும் அவள் கை முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது.